ஒருவர் பேச, மற்றவர் மறுக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் வந்து தங்கும் இஸ்ரேல் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், சனிக்கிழமைதோறும் தொழுகைக்கூடத்தில் ரபி எனப்படும் சமய ஆசான் ஆற்றும் அருளுரையே யூதர்களது சமய வாழ்வின் மையம் என்று பொருள்பட ஒரு வரி இருந்தது. கொடைக்கானல்வாசிகளுக்கு எபிரேய எழுத்து புதிதல்ல என்றாலும் அதன் பின்னுள்ள கல்வி மரபு பலருக்கும் அறிமுகமற்றது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓய்வுநாளான சனியன்று, யூதர்களின் திருமறையான தோராவின் வாசிப்பையொட்டி ரபி பேசுவது இன்று பரவலான வழக்கமே. ஆனால் வாரந்தோறும் மக்கள் மொழியில் அருளுரை என்னும் முறை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வலுப்பெற்றுப் பரவியதாகும். அதற்கு முன், ஐரோப்பாவின் பல ஊர்களில் ரபியின் பேருரை ஆண்டுக்கு இரண்டே முறைதான்: பாஸ்கா திருநாளுக்கு முந்தைய சனியன்றும், யூதப் புத்தாண்டுக்கும் பாவக்கழுவாய் நாளுக்கும் இடைப்பட்ட சனியன்றும். நாள்தோறும் நடந்தது, யூதச் சட்டங்களையும் அவைபற்றிய விவாதங்களையும் கொண்ட பெருநூலான தல்மூதின் படிப்பு. தொழுகைக்கூடத்தைக் கல்விக்கூடமாக மாற்றலாம், கல்விக்கூடத்தைத் தொழுகைக்கூடமாக்கக் கூடாது என்பது தல்மூதிலேயே ஏற்கப்பட்ட முடிவு.

தல்மூதின் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே அந்தப் படிப்பு எத்தகையது என்பது விளங்கும். நடுவில் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் அதன்மீது எழுந்த விவாதமான கெமாராவும். ஒரு பக்க ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் ராஷியின் உரை. மறு ஓரத்தில், ராஷியின் பேரன்மாரும் அவர் வழிவந்தோரும் அந்த உரைமீதே எழுப்பிய தடைகளும், அதாவது மறுப்புக் கேள்விகளும், அவற்றுக்கான விடைகளும். இதை இருவர் இருவராக அமர்ந்து, உரக்கப் படித்து, ஒருவரையொருவர் மறுத்துக் கற்கிறார்கள். நூலகத்தில் இருமினாலே முறைக்கும் நமக்கு அந்த இரைச்சல் பொறுக்காது. தல்மூது அறிஞர் யோஹனானோடு வாதிட்டுக் கற்ற துணைவர் ரேஷ் லாக்கிஷ். அவர் இறந்தபின் யோஹனானுக்குத் துணையாக அனுப்பப்பட்டவர், யோஹனான் சொன்னதற்கெல்லாம் சான்று காட்டி ஆமோதித்தாராம். "ரேஷ் லாக்கிஷ் என்றால் இருபத்துநான்கு தடைகளை எழுப்புவான், நான் இருபத்துநான்கு விடைகளைச் சொல்வேன், பொருள் தானே தெளிவாகும், நான் சொன்னது சரியென்று எனக்கே தெரியாதா?" என்று யோஹனான் நொந்துகொண்டதாகத் தல்மூது கூறுகிறது.

ஆசிரியர்களிடம் நிறையக் கற்றேன், தோழர்களிடம் அதனினும் மிகுதியாகக் கற்றேன், மாணவர்களிடமே எல்லோரினும் அதிகம் கற்றேன் என்பது அந்நூலில் ஹனினா என்பவரின் கூற்று. ஆசான் சொன்னதை முழுதும் கொண்டாலும் கால் பங்கே தேறும், உடன் பயில்வோரால் இன்னொரு கால், பிறருக்கு உரைப்பதால் எஞ்சிய பாதி என்கிறது நம் நன்னூல். இரு மரபுகளுக்கும் தொடர்பு இருந்ததாக நான் கூறவில்லை. கல்வியை நன்கறிந்தவர்கள் எங்கிருந்தாலும் ஒரே கணக்குக்கு வந்து சேர்கிறார்கள் போலும். தல்மூதுக் கல்விக்கூடத்தின் கதவு நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெண்கள் பெருமளவில் தல்மூது பயிலத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான்.

எங்கள் மலையில் கோயில் மண்டபங்களிலும் மன்றங்களிலும் நடக்கும் சொற்பொழிவுகளில் பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசுகிறார். கேட்போர் கைதட்டிவிட்டுக் கலைகிறார்கள். அமைப்பாளர்கள் அதில் அரை மணி நேரத்தையாவது கேட்போரின் தடைகளுக்கென ஒதுக்க வேண்டும். கூட்டத்தின் இறுதியில் வைத்தால் குளிருக்கு அஞ்சி எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஆகவே இடையிலேயே வைப்பது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொடைக்கானல்.