மனநோயாளருக்கும் உரிய கொடுப்பனவு: கிளினிக்குக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையில் தொலைவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கண் தெரியாதவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வருடக்கணக்காக உளநலக் கிளினிக்கில் மருந்தெடுக்கும் ஒருவரும் விண்ணப்பிக்கலாம் என்பது பல வீடுகளில் தெரியாது. சில அலுவலக மேசைகளிலும் தெரியாது என்பதுதான் கவலை. "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உடல் ஆற்றலோடு உள ஆற்றலையும் சேர்த்தே பேசுகிறது. அந்தக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ ஓரளவுக்கோ தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் எவரும் அதில் அடங்குவர். மேசையில் மறுப்புச் சொன்னால் இந்தச் சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

விண்ணப்பம் தொடங்கும் இடம் உங்கள் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரும். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, வார்ட்டில் இருந்து வந்திருந்தால் நோய் விபர அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் மூலப்பிரதிகளையும் இரண்டு போட்டோ கொப்பிகளையும் கொண்டு போங்கள். பெயரின் எழுத்து பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தால் கோப்பு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்கள் நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஏராளம். பிறப்புப் பதிவே இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்து அதை வைத்து அடையாள அட்டை பெறலாம். இதற்கே மாதங்கள் போகும் என்பதால் மற்ற வேலைகளுக்கு முன் இதைத் தொடங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் முகவரி. தாய் இறந்த பிறகு நோயாளியை அக்கா தன் வீட்டுக்கு, சில வேளை வாவியின் மறுகரைக்கே, கூட்டிப்போய்விடுவார். அடையாள அட்டையில் பழைய முகவரியே இருக்கும். பழைய ஊர் கிராம உத்தியோகத்தர் "இங்கே இல்லை" என்பார், புதிய ஊரில் "இங்கே பதிவில்லை" என்பார்கள். குடிபெயர்ந்த உடனேயே புதிய பிரிவில் வதிவிடத்தைப் பதிந்துவிட்டால் இந்த இழுபறி வராது.

ஆனாலும் பெரும்பாலான கோப்புகள் பலவீனப்படுவது வைத்தியர் நிரப்பும் பகுதியில்தான். "சிகிச்சை பெற்று வருகிறார்" என்ற ஒரு வரி, இவர் எதைச் செய்ய முடியாதவர் என்பதைச் சொல்லாது. வைத்தியரைக் குறை சொல்வதிலும் பயனில்லை. கிளினிக் நாளில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். மருந்து வேலை செய்வதால் நோயாளியும் அந்த நேரம் அமைதியாக இருந்து கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவார். வீட்டில் நடப்பது அங்கே தெரியாது. ஆகவே அதை அரைப்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நோய் தொடங்கிய வருடம், வார்ட்டில் அனுமதிக்கப்பட்ட காலங்கள், மருந்தை யார் எடுத்துக்கொடுக்கிறார், தனியே பஸ்ஸில் போவாரா, காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பாரா, குளிக்கவும் சாப்பிடவும் நினைவூட்ட வேண்டுமா, கடைசியாக எப்போது வேலைக்குப் போனார் என்பவை போதும். வழமையாகப் பார்க்கும் உளநல வைத்தியரிடமே படிவத்தைக் கொடுங்கள். வெளிநோயாளர் பிரிவில் முதன்முதலாகப் பார்ப்பவரால் இவ்வளவையும் உறுதிப்படுத்த இயலாது. மாதக்கணக்கில் கிளினிக்கைத் தவறவிட்டிருந்தால் முதலில் சிகிச்சையைத் திரும்பத் தொடங்குங்கள். பதிவில்லாத நோயைச் சான்றுப்படுத்துவது எவருக்கும் கடினம்.

கிளினிக்குக்காக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வரை எல்லாரும் வரத் தேவையில்லை. உளநல வைத்திய அதிகாரிகள் சுற்றுப்புற வைத்தியசாலைகளிலும் கிளினிக் நடத்துகிறார்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து பாதையில் (மிதவைப் படகில்) வாவியைக் கடந்து வருபவர்கள், அருகில் எங்கே, எந்த நாள் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் ஒரு நாள் கூலியாவது மிஞ்சும். அம்பாறைக் கரையோரத்தில் குழப்பம் வேறு மாதிரி. பொத்துவில், திருக்கோவில், ஆலையடிவேம்பு மக்களுக்குச் சுகாதார நிர்வாகம் கல்முனைப் பிராந்திய பணிமனையின் கீழ். கொடுப்பனவு விடயமோ பிரதேச செயலகம் வழியாக அம்பாறைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகும். மருந்து, கிளினிக் பற்றிய முறைப்பாட்டைக் கச்சேரிக்கு எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரச நலன்புரித் திட்டமான அஸ்வெசுமவின் கணக்கெடுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் நீண்டகால நோயாளியோ மாற்றுத்திறனாளியோ இருக்கிறாரா என்பதும் அதில் பார்க்கப்படுகிறது. மகளின் கலியாணப் பேச்சு கெட்டுவிடும் என்று பின்னறையில் இருப்பவரை மறைத்து "அப்படி யாருமில்லை" என்று சொல்லிவிட்டு, பிறகு கொடுப்பனவு கேட்கப் போனால் முதல் தகவலே எதிராக நிற்கும். பயம் புரிகிறது. ஆனால் ஊருக்கு ஏற்கனவே தெரிந்த விடயத்தை அரசாங்கத்துக்கு மட்டும் மறைத்து என்ன பயன்? அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபையின் தொலைபேசி இலக்கம் 1924.

படிவத்தைக் கையளிக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது என்றால் எத்தனையாவது என்று கேளுங்கள். வாய்மொழியாக மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், காரணத்தைக் கேட்டு அந்தச் செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தை அவர் அறிவிக்க வேண்டும். பாரபட்சம் என்று கருதினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ளன.

அரச ஓய்வூதியம் பெறும் பெற்றோருக்கு: 26 வயதைக் கடந்த பிள்ளையாயினும், நோயால் உழைக்க இயலாதவராயின் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. நோய் எப்போது தொடங்கியது என்பதைக் காட்டும் மிகப் பழைய கிளினிக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். நீங்கள் இருக்கும்போதே பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் விசாரித்து வையுங்கள்.

இரவில் நிலைமை கட்டுமீறினால் பொலிஸை அழைப்பதற்கு முன் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். நஞ்சு குடித்திருந்தால், உயிராபத்து என்றால், நேரே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுங்கள்.

இத்தனையையும் குடும்பமே சுமக்கத் தேவையில்லை. நோயாளியின் விபரம் கிளினிக்கில் இருக்கிறது, படிவம் பிரதேச செயலகத்தில் இருக்கிறது. மாதத்தில் ஒரு கிளினிக் நாளில் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் படிவங்களோடு அங்கே வந்து அமர்ந்தால், வைத்தியரின் ஒப்பமும் விண்ணப்பமும் ஒரே காலையில் முடியும். புதிய கட்டடமோ புதிய பதவியோ வேண்டியதில்லை. இரு மாவட்டச் செயலாளர்களும் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர்களும் பேசி, களுவாஞ்சிகுடியிலோ திருக்கோவிலிலோ ஒரு வைத்தியசாலையில் முதலில் இதைத் தொடங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக சேவை உத்தியோகத்தர்கள் சிலர்,
மட்டக்களப்பு