ஐப்பசி வாரம்: கடை நேரம், கோயில் அரிசி, கூடவே ஓர் அழைப்பு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் இரண்டு விஷயம் கேட்கிறார்கள். பௌர்ணமி அன்று கடை உண்டா? கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவலிங்கத்துக்குச் சாதம் சாத்தும் அன்னாபிஷேகத்துக்கு அரிசி கொடுக்க வேண்டும், உங்களிடம் சொல்லிவிட்டால் போதுமா? தராசுப் பக்கம் நின்றுகொண்டு நாங்கள் சொல்கிற பதில் அரைகுறையாகத்தான் போய்ச் சேருகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் கடை நேரம். ஐப்பசிச் சதயத்தன்று மதியம் ஒரு மணி வரைதான் கடை. அன்னாபிஷேகத்தன்று முழு நாளும் விடுமுறை. அதற்கு முந்தின நாள் இரவு பத்து மணி வரை திறந்திருப்போம். மெஸ்காரர்களுக்கும் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர்களுக்கும் இரண்டு நாள் முன்பே சிப்பம் வந்து இறங்கிவிடும். வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு எங்கள் மூட்டை தூக்கும் ஆட்கள், வண்டி ஓட்டுகிறவர் உட்பட எல்லாரும் கோயிலில்தான் இருப்போம்.

ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். 2024-இல் அன்னாபிஷேகம் நவம்பர் 15 அன்று வந்தது. 2025-இல் நவம்பர் 5. ஆனால் சதயத்துக்கும் பௌர்ணமிக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் அதிகம் மாறுவதில்லை. பல வருடங்களில் ஐப்பசியில் சதயம் வந்த நான்கைந்து நாளில் அசுவினியும் பௌர்ணமியும் வந்துவிடும். சதயம் ராஜராஜ சோழன் பிறந்த நட்சத்திரம். அன்றைக்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் சதய விழா. பௌர்ணமிக்கு அவர் மகன் ராஜேந்திரன் கட்டிய கோயிலில் அன்னாபிஷேகம். அப்பாவுக்கும் பிள்ளைக்குமாக ஒரே வாரத்தில் இரண்டு பெரிய நாள். கும்பகோணத்திலிருந்து தஞ்சை சுமார் 40 கிலோமீட்டர், கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35. இரண்டுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு நாம் டிவியில் மட்டும் பார்ப்பது எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

சதய விழா இரண்டு நாள் நடக்கும். ஓதுவார்கள் பண்ணோடு பாடிவர, திருமுறை ஏடுகள் ஊர்வலமாக வரும். பெருவுடையாருக்குப் பேரபிஷேகம், கோயிலுக்கு வெளியே இருக்கும் ராஜராஜன் சிலைக்கு மாலை, மாலையில் நாட்டியமும் பாட்டும். 2022 முதல் இது அரசு விழா. குஜராத்தில் இருந்த ராஜராஜன், அவர் அரசி உலகமாதேவி செப்புத் திருமேனிகள் 2018-இல் தஞ்சைக்குத் திரும்பி வந்த பிறகு, விழாவுக்குப் போகிறவர்களின் முகத்தில் ஒரு தனிக் களை. சொந்த வீட்டுப் பெரியவர் ஊர் திரும்பியது போல அந்தத் திருமேனிகள் முன் கைகூப்பி நிற்கிறார்கள்.

அரிசி வியாபாரம் செய்கிற எங்களுக்குப் பெரிய கோயிலில் மனம் நின்றுவிடும் இடம் அதன் கல்வெட்டுகள்தான். திருப்பதியம், அதாவது தேவாரம் பாட 48 பேர், அவர்களுக்குத் துணையாகக் கொட்டு வாசிக்க 2 பேர், ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்திருக்கிறார். சம்பளம் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். அளக்க வேண்டியது ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு ஒருவருக்கு 90 கலத்துக்குக் குறையாது. சோழநாட்டுக் கோயில்களிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலில் நடனமாடும் பெண்களுக்கு, ஆளுக்கு ஒரு வீடும் வருடத்துக்கு 100 கலம் நெல்லும். ஒவ்வொருத்தியின் பெயரையும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இசையும் நடனமும் நெல்லில்தான் நின்றன. எந்த மரக்காலால் அளப்பது என்பதைக்கூட விடாமல் எழுதி வைத்த அந்த நேர்மை எங்கள் தொழிலுக்குப் பாடம். சதயத்தன்று போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே இந்த எழுத்துகளுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

இனி அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்து லிங்கம் பதின்மூன்றரை அடி உயரம். அதற்குச் சாத்த 100 மூட்டை பச்சரிசி சமைக்கிறார்கள். மூட்டை 25 கிலோ என்றாலும் 2500 கிலோ. (25 கிலோ வரையிலான பைகளுக்கு 2022 ஜூலையில் வரி வந்த பிறகு நம் கடையில் சிப்பம் 26 கிலோ. கோயில் கணக்கை மட்டும் இன்னும் பழைய 25-லேயே வைத்திருக்கிறோம்.) காலையில் அபிஷேகம் முடிந்ததும் சாதம் வரத் தொடங்கும். வெந்த சாதத்தை ஆறவைத்து, கூடை கூடையாக வரிசையில் கைமாற்றி உள்ளே அனுப்புவார்கள். அவ்வளவு உயரத்துக்கு அர்ச்சகர்கள் ஏறி நின்றுதான் சாத்த வேண்டும். மேலிருந்து ஒருவர் கை நீட்ட, கீழிருந்து இன்னொருவர் எட்டிக் கொடுக்க, பிடிப்பிடியாக அழுத்தி அழுத்திப் பொருத்திக்கொண்டே வருவார்கள். சூடு அதிகமானால் சாதம் வழுக்கும்; ஆறி விறைத்துவிட்டால் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. நாளெல்லாம் இந்த வேலை நடந்து, சாயங்காலம் கற்பூரம் காட்டும்போது கருங்கல்லே தெரியாது. அடி முதல் முடி வரை வெள்ளை.

சரி, நீங்கள் கொடுக்கும் அரிசி விஷயத்துக்கு வருகிறோம். வீட்டில் மிச்சமிருக்கும் அரிசியைப் பையில் கொண்டுவந்து, “இதையும் சேர்த்துக்கோங்க” என்று சிலர் அன்போடு தருகிறார்கள். அந்த அன்பு புரிகிறது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள முடியாது என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறோம். பெரிய அண்டாவில் பழைய அரிசியும் புது அரிசியும் கலந்தால், புதுசு குழைந்துவிடும், பழசு விதையாக நிற்கும். இந்த நேரத்தில்தான் குறுவை அறுவடை அரிசி சந்தைக்கு வருகிறது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் களியாகிவிடும். புழுங்கலரிசி, இட்லி அரிசி கலந்தாலோ இன்னும் சிக்கல். ஆகவே ஒரே ரகம், ஒரே அரவை, குறைந்தது ஆறு மாதம் இருப்பு வைத்த பச்சரிசியாக நாங்களே தனியாக ஒதுக்கி, கல்லும் குருணையும் நீக்கி, சாக்கில் அடையாளம் போட்டு வைத்திருக்கிறோம். நீங்கள் ஒரு கிலோவுக்குக் கொடுத்தாலும், ஒரு சிப்பத்துக்குக் கொடுத்தாலும் அதிலிருந்துதான் போகும். எங்கள் கொள்முதல் விலைதான், லாபம் வைப்பதில்லை. சீட்டு தருகிறோம், எத்தனை கிலோ சேர்ந்தது, எத்தனை மூட்டை போனது என்ற கணக்கைக் கடை வாசலில் ஒட்டிவிடுவோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயர் போட மாட்டோம். ஒரு படி கொடுத்தவர் கூச்சப்படக் கூடாது.

இன்னொரு கேள்வியும் வருகிறது. இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். இத்தனை அரிசியைக் கல்லில் அப்பி வீணாக்கலாமா? நியாயமான கேள்வி. அரிசி விற்பவர்களுக்கு ஒரு பருக்கை சிந்தினாலும் மனசு துடிக்கும், ஆகவே இதற்கு விளக்கம் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. பூசை முடிந்ததும் லிங்கத்தின் பாணத்தில், அதாவது மேல் பாகத்தில் சாத்திய அன்னத்தை மட்டும் தனியாக எடுத்து நீர்நிலையில் கரைக்கிறார்கள். அது மீனுக்கும் நீரில் வாழும் மற்ற உயிர்களுக்கும் உணவு. மற்றதெல்லாம் பிரசாதமாக அங்கே கூடியிருப்பவர்களுக்குப் போகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து டிராக்டரிலும் மினி லாரியிலும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வரிசையில் நிற்கும்போது உங்களுக்கு முன்னால் இருப்பவர் கூலி வேலைக்குப் போகிறவராக இருப்பார், பின்னால் இருப்பவர் காரில் வந்தவராக இருப்பார்; இருவருக்கும் ஒரே அன்னம். இதை வீண் என்று சொல்ல எங்களால் முடியவில்லை. அரிசி கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது.

அந்தக் கோயிலுக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு கடனும் உண்டு என்று நினைக்கிறோம். நாம் அங்கே போவது அணைக்கரை வழியாக. அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆங்கிலேயர் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்து வெளி மதிலை இடித்துக் கல்லை எடுத்துப் போனார்கள். ஊர்மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அந்தக் கீழணைத் தண்ணீரில் எத்தனையோ வயல் விளைந்தது, அந்த நெல் நம் ஊர் மண்டிக்கும் வந்தது. கோயிலோ மதிலை இழந்து நின்றது. 2004-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் கூட்டம் கூடியிருக்கிறது, நல்லது. ஆனாலும் வருடத்தில் ஒரு நாள் நம் கையால் ஒரு கூடை சுமந்து கொடுப்பது எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது.

அழைப்பு என்று மேலே சொன்னது இதைத்தான். அரிசிக்குப் பணம் கட்டியதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், முடிந்தால் நேரில் வாருங்கள். காய் நறுக்க, இலை துடைக்க, வரிசையை ஒழுங்கு செய்ய, வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப் போக ஆள் எவ்வளவு இருந்தாலும் போதாது. விழா நடத்துகிறவர்கள் சொல்லும் வேலையை, சொல்லும் இடத்தில் நின்று செய்தால் போதும். எங்கள் வேனில் சில இடங்கள் இருக்கின்றன. காலை ஆறு மணிக்குக் கடை வாசலிலிருந்து கிளம்பும், இரவு திரும்பும். பணம் வேண்டாம். வேலை செய்யச் சம்மதம் உள்ளவர்களுக்கு முதலிடம்.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். குடை அல்லது மழைக்கோட்டு, மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப் புல்லும் ஈரக் கல்லும் வழுக்கும். பெரியவர்களை ஓரமாக நடத்திச் செல்லுங்கள். சாயங்கால தீபாராதனை நேரத்தில் நெரிசல் அதிகம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் மதியமே வந்து பார்த்துவிடுவது நல்லது. பாதி சாத்திய நிலையில் பார்ப்பதும் ஒரு பாக்கியம்தான். காத்திருக்கும் நேரத்தில் வடக்குப் பக்கப் படிக்கட்டு அருகே உள்ள சண்டேசுவரர் சிற்பத்தைப் பாருங்கள்: சிவபெருமான் தன் அடியார் தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார். தூணிலும் சுவரிலும் குங்குமம், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். பிரசாதத்துக்கு வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியோ டிபன் பாக்ஸோ கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பை குறையும்.

அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அன்றைக்குச் சிவன் கோயில்களில் எல்லாம் அன்னாபிஷேகம் உண்டு. நம் ஊர்க் கும்பேசுவரர், நாகேசுவரர் கோயில்களில் நிதானமாகத் தரிசிக்கலாம். தாராசுரம் ஆட்டோ தூரம்தான். தஞ்சையையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் போல அதுவும் சோழர் கட்டிய உலக மரபுச் சின்னம். ஐப்பசிக் கடைசி நாளில் மயிலாடுதுறையில் காவிரியில் நீராடும் கடைமுகத்துக்குப் போகிறவர்களும் நம் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர்; அன்று கடை வழக்கம்போல் இருக்கும்.

அரிசிக்கான சீட்டு சதயத்துக்கு முந்தின நாள் மாலை வரை கிடைக்கும். அதற்கு மேல் வந்தால் மூட்டைகளைக் கட்டி அனுப்ப நேரம் போதாது. வேனில் வருகிறவர்களும் அதற்குள் கடையில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அரிசிக் கடையார்,
கும்பகோணம்