காலரைக் கடித்த பையன்: நீலகிரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கூடலூர், பந்தலூர் வட்டங்களின் தலைமையாசிரியர்களுக்கும், சக ஆசிரியர்களுக்கும், உண்டு உறைவிடப் பள்ளிக் காப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன் என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பணியர் பழங்குடிக் காலனியிலிருந்து வருகிறவன். எப்போது பார்த்தாலும் ஸ்வெட்டர் காலரைக் கடித்துக்கொண்டிருப்பான். ஓரமெல்லாம் நைந்து நூல் தொங்கும். கெட்ட பழக்கம் என்று நினைத்து இரண்டு தடவை வாயிலிருந்து தட்டிவிட்டிருக்கிறேன். ஒரு நாள் "கால் வலிக்குது சார்" என்றான். "நேத்து கிரவுண்ட்ல நல்லாத்தானே ஓடினே?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு வலி என்ற பேச்சையே அவன் என்னிடம் எடுக்கவில்லை.

பத்து நாள் வராமல் போகவும் காலனிக்குத் தேடிப் போனேன். அடுப்போரம் சுருண்டு கிடந்தான். பாட்டி துணியைச் சூடு காட்டி முழங்காலில் ஒற்றிக்கொண்டிருந்தார். சிக்கிள் செல் என்கிற அரிவாள் அணு ரத்தநோய். அந்த வீட்டுக்கு அது பழகிய வார்த்தை, எனக்குத்தான் புதிது. வகுப்பில் கத்திவிடக் கூடாதே என்றுதான் காலரைக் கடித்திருக்கிறான்.

நமக்கு இது புதிதாக இருந்தது வெட்கக்கேடு. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதலில் பதிவான இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று, ஆண்டு 1952. சிவப்பணு அரிவாள் போல வளைந்து, விறைத்து, சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துவிடுகிறது. அடைத்த இடத்தில் எலும்புக்குள் குடைகிற வலி. குளிர், உடம்பில் நீர் வற்றுவது, காய்ச்சல், மூச்சு வாங்க ஓடுவது, இதில் ஏதாவது ஒன்று போதும் அதைக் கிளப்ப. நேற்று ஓடியவன் இன்று எழுந்து நிற்க முடியாமல் போவது இந்த நோயின் குணமே. தேவாலா பக்கம் ஜூலை மழையில் நனைந்து வந்த பிள்ளையை ஈரச் சீருடையோடு பிரேயரில் நிற்கவைத்தால் என்ன ஆகும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

வலிக்கு மாத்திரை இருக்கிறது. வலி அடிக்கடி வராமலிருக்க ஹைட்ராக்ஸியூரியா இருக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம் 40 வயது வரை உள்ளவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறது. ரத்தத்தைப் பார்க்க அவர்கள் இருக்கிறார்கள். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது நாம். மனசு உடைவதும் பெரும்பாலும் நம் கண்முன்னால்தான்.

வீக்கமோ காயமோ இல்லாத வலியைப் பிள்ளை எதை வைத்து நிரூபிக்கும்? நடிக்கிறான், சோம்பேறி என்று நாலு தடவை கேட்டவன் ஐந்தாம் தடவை வாயைத் திறப்பதில்லை. அப்புறம் பள்ளிக்கு வருவது குறையும், மாத்திரையை முழுங்காமல் துப்புவான், 'நான் என்ன தப்பு செஞ்சேன், எனக்கு ஏன்?' என்று இருட்டில் யோசிப்பான். வளர்ச்சி பிந்துவதால் எட்டாவதிலும் ஐந்தாவது பையன் மாதிரி இருப்பான். கண் மஞ்சளாக இருக்கும், அதற்கொரு பட்டப்பெயரும் இருக்கும். இந்த நோயில் சிறுநீரகத்தால் சிறுநீரைச் சுண்டவைக்க முடியாது, நிறையப் போகும். அதனால் பெரிய பிள்ளைகள்கூடப் படுக்கையை நனைப்பதுண்டு. நனைந்த பாயைத் தலையில் வைத்து விடுதி முற்றத்தில் நிற்கவைத்த கதையை ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள். எந்த விடுதி என்று எழுதப்போவதில்லை.

கணக்கு வாத்தியார்களுக்குத் தனியாக ஒன்று. நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கணக்கு ஏறாமல் போனால் உடனே பிரம்பைத் தேடாதீர்கள். வெளியே தெரியாத சிறு பக்கவாதங்கள் மூளையில் வந்து கவனமும் ஞாபகமும் குறைவது இந்த நோயில் உண்டு. டாக்டரிடம் சொல்லி அனுப்புங்கள்.

நான் கேட்பதற்குப் பட்ஜெட் வேண்டாம். வலிக்கிறது என்றால், அது பொய்யாகவே இருந்தாலும், அன்றைக்கு நம்பிவிடுங்கள். ஏமாந்தால் நமக்கு ஒரு பீரியடுதான் நஷ்டம். தண்ணீர் பாட்டில் மேஜை மேலேயே இருக்கட்டும். ஒன்றுக்குப் போக நூறு கேள்வி கேட்காதீர்கள். அட்டெண்டன்ஸ் குறைந்ததை வகுப்பு நடுவில் வாசிக்க வேண்டாம். படுத்துக்கிடக்கும் நாளில் ஒரு கூட்டாளியிடம் நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். பாடத்தைவிட அந்தக் கூட்டாளி போவதுதான் முக்கியம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயும் இருக்கிறது, பெற்றோரிடம் சொல்லுங்கள்.

14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அரசின் மனநல உதவிக்கான தொலைபேசி எண்ணை, சுவரில் எழுதிவைத்தோம். நல்ல சேவைதான். ஆனால் வீட்டில் பணியர் மொழி பேசுகிற பிள்ளை முகம் தெரியாதவரை அழைத்து அழும் என்று நான் நம்பவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்து ஆலோசகர் மாதம் ஒரு நாள் மலை இறங்கி இந்தப் பக்கம் வரட்டும். மொழி தெரிந்த ஆதிவாசி சுகாதாரப் பணியாளர் ஒருவர் அவர் பக்கத்தில் உட்காரட்டும். அதைக் கேட்டு எழுத வேண்டியது தலைமையாசிரியர்கள். கையெழுத்துப் போட நான் வருகிறேன்.

அந்தப் பையன் இப்போது பத்தாவது. போன வாரம் டிரிக்னாமெட்ரி நடுவில் கையைத் தூக்கி, "சார், இடுப்புல ஆரம்பிக்குது" என்றான். ஸ்டாஃப் ரூமில் பெஞ்சைச் சுவரோரம் தள்ளி, என் கம்பளியை விரித்து, பிளாஸ்க்கில் இருந்த வெந்நீரைக் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்துக் கணக்கு வாத்தியார் ஒருவன்