கூலியில கை வெச்சா வரிப்பணம் மிச்சமாகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்காவுல அரசு கட்டட வேலைகளுக்கு, அந்தந்த வட்டாரத்துல நடப்புல இருக்கிற கூலிக்குக் குறையாம கொடுக்கணும்னு சொல்ற ப்ரிவெய்லிங் வேஜ் சட்டத்தைத் தூக்கிட்டா வரிப்பணம் மிச்சம்னு போன இதழ்ல கட்டுரை வந்திருந்தது, எனக்குக் கொஞ்சமும் ஒத்துக்க முடியல. நான் மிச்சிகன்ல எஸ்டிமேட் போடுற வேலை பாக்குறவன். 1965ல வந்த சட்டத்தை இங்க 2018 ஜூன்ல எடுத்தாங்க, மக்கள்கிட்ட கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்த மனுங்கிறதால அதை எதிர்த்த அப்போதைய கவர்னர் ஸ்னைடராலயே வீட்டோ பண்ணித் தடுக்க முடியல, சட்டத்தை எடுத்த ரிபப்ளிகன் கட்சிக்காரர்தான் அவரும்.

சட்டம் இருக்கும்போது எலக்ட்ரீஷியனுக்கு மணிக்கு இவ்வளவு, அதுக்கு மேல இன்சூரன்ஸ் பென்ஷனுக்கு இவ்வளவுன்னு கவுன்ட்டி வாரியா ரேட் ஷீட் இருக்கும், டெண்டர் போடுற எல்லாருக்கும் அதே ரேட், அதனால வேலையை ஒழுங்கா பிளான் பண்றவன், பைப்பு வயரு வீணாக்காதவன்தான் ஜெயிப்பான். சட்டம் போச்சுன்னா? இரும்பு விலையை எவனாலயும் குறைக்க முடியாது, சிமென்ட் விலையும் அப்படித்தான், கை வைக்க முடியறது ஆள் கூலியில மட்டும்தான், அதுலயும் மொதல்ல போறது மணிக்கூலி கூட இல்லைங்க, ஹெல்த் இன்சூரன்ஸ்!

இத்தனைக்கும் மொத்த செலவுல கூலி சுமாரா கால் பங்குதான். இண்டியானாவுல 2015ல எடுத்தாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அங்க ரிபப்ளிகன் தலைவர்கள்ல ஒருத்தரான எட் சொலிடேவே இதுவரைக்கும் ஒரு பென்னி கூட மிச்சமாகலைன்னு வெளிப்படையா சொன்னார்.

மத்திய அரசு வேலைகளுக்கு இதே மாதிரி 1931ல வந்த டேவிஸ்-பேக்கன் சட்டத்துக்குப் பின்னாடி கருப்பினத் தொழிலாளிகளை ஒதுக்குற எண்ணம் இருந்ததுன்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க, அன்னைக்கு நடந்த விவாதத்துல அப்படிப் பேச்சு இருந்தது உண்மைதான், மறைக்க வேண்டியதில்ல. ஆனா இன்னைக்கு அந்த ரேட் எந்த நிறத்துக்காரருக்கும் ஒண்ணுதான், கூலி குறைஞ்சா கருப்பினத் தொழிலாளிகளுக்கும் சேர்த்துத்தான் குறையும்.

இந்தச் சட்டத்துக்காக சின்ன கான்ட்ராக்டர்களுக்கு வாராவாரம் பேரோல் ஷீட், அதாவது சம்பளக் கணக்கு நிரப்பறது பெரிய தலைவலி, ஒவ்வொரு ஆளும் எந்த வேலையில எத்தனை மணி நேரம்னு பிரிச்சு எழுதணும், அதை நானும் ஒத்துக்கறேன். அதை சுலபமாக்கச் சொல்லுங்க, ரேட் கணக்கெடுக்கிற முறையில தப்பு இருந்தா திருத்தச் சொல்லுங்க, அதுக்காக சட்டத்தையே எடுக்கறது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதை.

மிச்சிகன்ல 2023ல மறுபடி சட்டம் போட்டு 2024 பிப்ரவரியில இருந்து அமல்ல இருக்கு, உங்க கட்டுரையில இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. விஸ்கான்சின், கென்டக்கியில 2017ல எடுத்தாங்களே, அங்க சைட்ல கம்பி கட்டுறவங்ககிட்டயும் வயர் இழுக்குறவங்ககிட்டயும் பேசி ஒரு கட்டுரை போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மிச்சிகன்