பெசன்ட் நகரும் ஒரு சிமென்ட் பெஞ்சும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் எங்கள் பெசன்ட் நகரைப் பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். படங்கள் பிரமாதம். ஆனால் 'கடலோரச் சீமான்களின் பேட்டை' என்ற தலைப்பைப் பார்த்ததும் என் மனைவி சிரித்துவிட்டாள். நாங்கள் இருப்பது வீட்டு வசதி வாரியம் கட்டிய பிளாட். போன மழைக்குத்தான் படுக்கையறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது.

முதலில் ஒரு திருத்தம். கடற்கரையில் நிற்கும் வெள்ளை மண்டபத்தை எலியட்டின் நினைவிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். எலியட் என்பவர் சென்னையில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். கடற்கரைக்குத்தான் அவர் பெயர். மண்டபம் ஷ்மிட் என்ற டென்மார்க்காரருடையது. 1930 டிசம்பரில் அலையில் சிக்கியவரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்டவர். அதன்கீழ் உட்கார்ந்து சுண்டல் தின்கிறவர்களில் எத்தனை பேர் கல்வெட்டைப் படித்திருப்பார்கள்? நானே இங்கே வந்து பத்து வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

நாங்கள் குடிவந்தது 1978இல். அப்பா தபால் இலாகாவில் குமாஸ்தா. வாரியத்தின் குலுக்கலில் வீடு விழுந்தது என்று சொன்னபோது மாம்பலத்து அத்தை கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "சுடுகாட்டுப் பக்கமா? அங்கே யாருடா குடியிருப்பா?" அத்தையைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆட்டோக்காரர் வரமாட்டார், வந்தால் திரும்பும் சவாரிக்கும் சேர்த்துக் கேட்பார். தெருவில் பாதி மணல். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி மூன்றே வருஷத்தில் பொரிந்து கையோடு வரும். சைக்கிள் செயினுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் போடுவது என் வேலை. ஒரே ஆறுதல், கைப்பம்பை நாலு அடி அடித்தால் இளநீர் மாதிரி தண்ணீர் வந்தது. அதுவும் அடுக்கு மாடிகள் பெருகி ஆழ்குழாய்கள் இறங்கும்வரைதான்.

கட்டுரையாளர் இங்கே வாழும் பிரபலங்களின் பட்டியல் போட்டிருக்கிறார். வாரியத்தின் மனைப்பிரிவில் குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய் என்று மூன்று தரத்தாருக்கும் ஒரே இடத்தில் வீடு ஒதுக்கினார்கள் என்பதை விட்டுவிட்டார். கூடவே மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு, சுங்கத் துறைக் காலனி, ரிசர்வ் வங்கி ஊழியர் குடியிருப்பு. மாதச் சம்பளக்காரர்கள் தவணை கட்டி வாங்கிய பேட்டை இது. எங்களில் பலர் சம்பாதித்துப் பணக்காரர் ஆனதில்லை. உட்கார்ந்த இடத்தில் மனை விலை ஏறியது, அவ்வளவுதான். ஒரு கிரவுண்டில் மாமரமும் கிணறுமாக இருந்த எதிர்வீடு, பிள்ளைகள் அமெரிக்கா போனபின் பில்டர் கைக்குப் போனது. இப்போது அங்கே மாடிக்கு ஒரே வீடு. லிஃப்டில் ஏறுகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரிய நியாயமும் இல்லை.

குப்பங்களுக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. அதுவும் 'மீன் வாங்க வசதியாக' என்று! ஊரூர் குப்பம் பெசன்ட் நகருக்கு எத்தனையோ தலைமுறை மூத்தது. வாரியத்தின் வரைபடம் வருமுன்பே அவர்கள் கட்டுமரம் காய்ந்த மணல்தான் இன்று நாங்கள் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கும் நடைபாதை. பக்கத்திலேயே ஆல்காட் குப்பம். அந்த ஆல்காட் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்ட தலித் குழந்தைகளுக்காக 1894இல் அவர் தொடங்கிய இலவசப் பள்ளி இன்றும் இங்கே நடக்கிறது. கட்டுரையில் இரண்டு சர்வதேசப் பள்ளிகளின் படம் இருக்கிறது. இந்தப் பள்ளியின் பெயர்கூட இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தபோது முதலில் போனது குப்பத்து வீடுகள். எங்கள் பிளாட் வாசல்வரை தண்ணீர் வரவில்லை. அன்றைக்கு மொட்டை மாடியில் நின்றவர்களில் நானும் ஒருவன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். எங்கள் தெரு முனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. காலையில் நாலைந்து வீட்டு வேலை முடித்து, பதினொன்றரைக்கு அடுத்த வீட்டுக்குப் போவதற்குமுன் பெண்கள் அதில்தான் உட்காருவார்கள். டிபன் பாக்ஸ் மூடியில் ஊறுகாயை ஒதுக்கி வைத்துப் பழைய சோறு சாப்பிடுவார்கள். ஒருத்தி மருந்துச் சீட்டை நீட்டி என்னைப் படித்துக் காட்டச் சொல்வாள். இன்னொருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வாள். தரை துடைத்துத் துடைத்து விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். பெரம்பூரிலிருந்து 29சி பிடித்து வருகிற ஒரு அம்மாள், வந்த களைப்புக்குப் பத்து நிமிஷம் கண்ணை மூடுவதும் அங்கேதான்.

போன மாதம் அந்த பெஞ்சைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 'வெளியாட்கள் கூடுகிறார்கள், பாதுகாப்புப் பிரச்சினை' என்று குடியிருப்போர் கொடுத்த புகாராம். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் வீட்டுச் சாவி அந்த வெளியாட்களின் இடுப்பில்தான் இருக்கிறது. புகார்க் காகிதம் என்னிடமும் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை, 'கண்ணாடி உள்ளே இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதை உங்களிடம் மறைப்பானேன்?

ஆகஸ்ட் 29இல் இங்குள்ள வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேறினால், காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்கு இதே தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். போன வருஷம் அண்டாவைத் தூக்கி வைத்தவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள்.

பெஞ்ச் போனபின் அவர்கள் எங்கள் பிளாட்டின் மாடிப்படிக்குக் கீழே உட்காருகிறார்கள். இரண்டாவது மாடிக்காரர் ஏற்கெனவே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போகப் போகிறேன். பெஞ்சைத் திரும்பப் போடச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதிய மனுவில் இதுவரை ஏழு கையெழுத்து சேர்ந்திருக்கிறது, என் மனைவியுடையதையும் சேர்த்து.

கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால் காலை பத்தரை மணி வாக்கில் வரச் சொல்லுங்கள். மண்டபத்தின் பெயரையாவது அடுத்த இதழில் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
பெசன்ட் நகர், சென்னை – 600 090.