லே ஆஃப்: நின்றானா, நிறுத்தினார்களா?

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள குமாருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மனசில் இருப்பது போனில் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆனாலும் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்குகிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தங்கச்சியை நான் கேட்டதாகச் சொல்.

உன் மகனை ஐ.டி. கம்பெனியில் லே ஆஃப் செய்துவிட்டார்கள், அதாவது வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அது வருத்தம்தான். அதைவிட, சொந்தக்காரர்களிடம் அவன் 'நானே வேலையை விட்டு நின்னுட்டேன்' என்று சொல்லிவருகிறான் என்றாயே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

லே ஆஃப் என்பது நாம் சின்ன வயசிலேயே கேட்டு வளர்ந்த வார்த்தை. திருவொற்றியூர் பக்கம் நைனா ஃபேக்டரிக்குப் போன காலத்தில், கரண்ட் இல்லை என்றாலும் சரக்கு வரவில்லை என்றாலும் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். 'லே ஆஃப் வுட்டுட்டான்' என்றபடி சைக்கிளைச் சுவரில் சாய்ப்பார். மறுநாள் காலையிலும் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். வேலைதான் இல்லையே, எதற்குப் போகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகு சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் லே ஆஃப் பற்றிய பகுதியை 1953இல் சேர்த்தார்கள். நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் இவற்றில் எதற்காவது தட்டுப்பாடு வந்தாலோ, சரக்கு தேங்கினாலோ, மெஷின் பழுதானாலோ வேலை கொடுக்க முடியாமல் போவதற்குப் பெயர் லே ஆஃப். தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில், அதாவது ஆட்கள் பதிவேட்டில், அப்படியே இருக்கும். 50 பேருக்குக் குறையாத ஃபேக்டரியில் ஒரு வருஷம் வேலை செய்தவருக்கு, அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைத்துவந்தது. ஆனால் தினம் ஒரு தடவையாவது குறித்த நேரத்தில் வந்து ஆஜர் கொடுக்க வேண்டியிருந்தது. நைனா போனது அதற்குத்தான். ஒரேயடியாக ஆளைக் குறைப்பதற்கு அந்தச் சட்டத்தில் வேறு பெயர், ரிட்ரென்ச்மென்ட். இரண்டையும் நம் பேட்டைக்காரர்கள் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதில்லை.

ஆங்கிலத்திலேயும் அது ஆரம்பத்தில் தற்காலிகம்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில், சீசன் இல்லாத நாட்களில் ஆட்களை ஒதுக்கி வைப்பதை அப்படிச் சொன்னார்கள். லே ஆஃப் என்பதற்கு ஓய்வு என்றுகூட ஒரு பொருள் இருந்தது. நம் காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்குமே, அந்த மாதிரி ஓய்வு. திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்த வார்த்தைக்குள்ளேயே இருந்தது. பின்னால் மொத்தமாக வீட்டுக்கு அனுப்புவதற்கும் மென்மையாக அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். உன் மகனுக்கு நடந்தது இந்தப் பிந்தைய பொருளில்தான்.

இதே சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. கப்பல்காரர்களுக்குக் கரையை விட்டுக் கப்பலை விலக்கிச் செலுத்துவது லே ஆஃப். பந்தயப் பணம் வாங்குகிறவர் நஷ்ட பயத்தில் கொஞ்சத்தை இன்னொருவரிடம் தள்ளிவிடுவதும் லே ஆஃப்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது 'லே' என்கிற அந்த ஒற்றை எழுத்துதான். ஆங்கிலத்தில் 'லை' என்றால் கிட. 'லே' என்றால் கிடத்து. நம் தமிழ் வாத்தியார் கரும்பலகையில் தன்வினை, பிறவினை என்று இரண்டு பத்தி போட்டு எழுதுவாரே, அதே கணக்கு! சிட் என்றால் உட்கார், செட் என்றால் உட்காரவை. விழுவது ஃபால், மரத்தை வெட்டி வீழ்த்துவது ஃபெல். நாம் உருள், உருட்டு என்கிறோம்; அவர்கள் உயிரெழுத்தை மாற்றிக்கொள்கிறார்கள். சட்டத்துக்கான 'லா' என்ற சொல்லும் இதே குடும்பம். வகுத்து வைத்தது என்ற பொருளில் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஒரே இடத்தில் கிடக்கும் பெரிய கணக்குப் புத்தகம் என்பதால் லெட்ஜரும் இங்கே சேர்கிறது. தாமதம் என்ற பொருளில் வரும் டிலே மட்டும் சேராது, அது பிரெஞ்சு வழியாக வந்தது.

ஆகவே லே ஆஃப் ஒரு பிறவினை. அதைச் செய்தவன் ஒருவன் வெளியே இருக்கிறான். தமிழில் நில், நிறுத்து. 'நின்னுட்டேன்' என்றால் செய்தது நான். 'நிறுத்திட்டாங்க' என்றால் செய்தது அவர்கள். நைனா 'வுட்டுட்டான்' என்று கூசாமல் சொல்வார்; தெருவில் யாரும் அவரைக் குறைவாகப் பார்த்ததில்லை. பெரம்பூரில் 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் ஆரம்பித்த ஊர் இது. வேலை போவது ஆளுடைய குற்றமல்ல என்று இங்கே பாட்டிக்குக்கூடத் தெரியும். உன் பையன் செய்யாத காரியத்துக்குத் தன்னை எழுவாயாகப் போட்டுக்கொண்டிருக்கிறான் குமாரு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவனிடம் இதைப் பக்குவமாகச் சொல். நோட்டீஸ் காலச் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டார்களா என்று பார்க்கச் சொல். 'நானாகவே விலகுகிறேன்' என்று எதிலும் கையெழுத்துப் போட்டானா என்பதைக் கட்டாயம் கேள். போடவில்லை என்றால் போட வேண்டாம். எனக்குத் தெரிந்த லேபர் வக்கீல் ஒருவர் தண்டையார்பேட்டையில் இருக்கிறார், அழைத்துப் போகிறேன்.

அடுத்த வாரம் அவனை இங்கே அனுப்பி வை. அம்மா வஞ்சிரம் வாங்கி வைப்பதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
ரவி