கோரிக்கை மனு: புழுதி விதைப்புக்கு முன்பே, வயலில் வைத்து மானாவாரிப் பயிற்சி தர வேண்டி

அனுப்புநர்:
செட்டிநாட்டுப் பகுதி மானாவாரி விவசாயிகள் 43 பேர் சார்பாக, மூன்று ஏக்கரில் புழுதி நெல் (மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பது) போடும் விவசாயி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு.

பொருள்: மானாவாரி சாகுபடிப் பயிற்சியை ஆடி மாதத்துக்குள், எங்கள் மண்ணிலேயே நடத்தவும், ஆலோசனை சொல்ல வருபவர்களுக்கு முதலில் அந்தப் பயிற்சியைத் தரவும் வேண்டுதல்.

பார்வை: ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்கள் (ரசீது நகல்கள் இணைப்பில்).

அய்யா,

வணக்கம். இது நான்காவது மனு. முதல் மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. ஒன்றுக்கு மட்டும் "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அந்த உரிய அலுவலர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் பகுதி தாங்கள் அறியாததல்ல. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும்போது கண்ணில் படும் அதே செம்மண்ணும் சரளையும் சீமைக்கருவேலமும்தான். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற ஊரைப் பஞ்சப் பிரதேசம் என்று சொல்லிவிட முடியாது. மழை வரத்தான் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டும் போகிறது. அதற்கு முன்னால், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் எங்களைச் சாய்க்கிறது. அதைத் தாண்டுவது எப்படி என்பதுதான் நாங்கள் கேட்கும் பயிற்சி. அது சம்பந்தமாகத் தங்கள் மேலான கவனத்துக்கு:

1. சென்ற முறை பயிற்சி நடந்தது மார்கழியில், ஒரு திருமண மண்டபத்தில். விதைப்பு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டீ, வடை, ஒரு பை, ஒரு பேனா தந்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

2. அங்கே சொல்லித் தந்தது திருந்திய நெல் சாகுபடி. 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி, வயலைக் காயவிட்டுத் தண்ணீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும். நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் நாற்றே விடுவதில்லை அய்யா. புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவர்கள். எங்கள் வயலில் காய்ச்சல் மட்டும்தான் உண்டு, பாய்ச்சலுக்கு எங்கே போவது? பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் இதைக் கேட்கவும் செய்தார். மண்டபமே சிரித்தது. பயிற்சி கொடுத்தவரும் சிரித்தார். அதோடு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

3. இதுதான் முக்கியமானது. தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டுகிறோம்.

சென்ற ஆவணிக் கடைசியில் மூன்று ஏக்கரில், ஏக்கருக்கு 30 கிலோ வீதம் புழுதியில் விதைத்தேன். நான்காம் நாள் ஒரு மழை. பெரிய மழை இல்லை, ஓட்டுச் சாய்வில் தண்ணீர் சொட்டுகிற அளவு. மறுநாளிலிருந்து சுள்ளென்று வெயில். எங்கள் செம்மண் அப்படி நனைந்து காய்ந்தால் மேலே அப்பளம் போலப் பொருக்குத் தட்டிவிடும். தாங்களே வந்து மிதித்துப் பார்த்தால் காலடியில் நொறுங்குவது கேட்கும். ஒரு வாரமாகியும் பயிர் தெரியவில்லையே என்று உட்கார்ந்து விரலால் ஒரு சில்லைப் பெயர்த்தேன். அடியில் முளை இருந்தது. வெள்ளை வெளேரென்று, மேலே முட்டி வழி இல்லாமல், தூண்டில் முள் மாதிரி வளைந்து படுத்திருந்தது. பக்கத்துச் சில்லைப் பெயர்த்தேன். அங்கேயும் அப்படியே.

நானும் என் சம்சாரமும் இரண்டு நாள் களைக்கொத்தால் பொருக்கை உடைத்தோம். மூன்று ஏக்கரை இரண்டு பேர் எவ்வளவு உடைத்துவிட முடியும்? உடைத்த இடத்திலும் பாதி முளை ஒடிந்தது. மேலே வந்த பயிருக்கு 19 நாள் சொட்டு மழை இல்லை. ஆலோசனை கேட்டுப் போன் செய்தேன். "தண்ணி கட்டுங்க" என்றார்கள். கண்மாயில் ஆடு மேய்கிறது அய்யா. எந்தத் தண்ணீரைக் கட்டுவது? சம்சாரத்தின் தோட்டை வைத்து இரண்டாம் தடவை விதை வாங்கினேன்.

எல்லாம் முடிந்த பிறகு, வேளாண்மை படிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒன்று சொல்கிறது: 10 கிலோ விதைக்கு 10 லிட்டர் தண்ணீர், அதில் 100 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைத்த பயிர் வறட்சியைக் கொஞ்சம் தாங்குமாம். ஏக்கருக்கு 5 டன் தொழுஉரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ போட்டு வந்தால் பொருக்கு இவ்வளவு கெட்டிப்படாதாம். கோடையில் சரிவுக்குக் குறுக்கே உழுதால் மழைத் தண்ணீர் ஓடாமல் மண்ணுக்குள்ளேயே இறங்குமாம். ஆட்டுக்கிடை போட்டு உரமேற்றிய வயலில் பொருக்குக் குறைவு என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆனால் ஏன் என்று அந்தப் பிள்ளை சொல்லித்தான் புரிந்தது. இதில் எது புதுக் கண்டுபிடிப்பு? எல்லாம் வேளாண் பல்கலைக்கழகம் எப்போதோ சொல்லி வைத்தவை. ஆடியில் யாராவது ஒருவர் எங்கள் வரப்பில் நின்று அரைமணி நேரம் பேசியிருந்தால் அந்தத் தோடு வீட்டில் இருந்திருக்கும்.

4. ஆலோசனை சொல்ல வரும் தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாய்க்கால் பாசன ஊரில் பிறந்து வளர்ந்தவர். பல ஊராட்சிகளை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார், அதற்கிடையில் கணக்கெடுப்பு, செயலியில் படம் ஏற்றுவது வேறு. எங்கள் மண்ணை அவருக்கு யார் காட்டினார்கள்? அவர் வராத நாளில் நாங்கள் கேட்பது உரக்கடைக்காரரை. அவர் கடையில் இருப்பதைத்தான் சொல்வார். ஆகவே முதல் பயிற்சி இவர்கள் இருவருக்கும் வேண்டும். செட்டிநாட்டிலேயே மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பரமக்குடி நிலையம் 2009-ல் வறட்சிக்கென்றே அண்ணா 4 நெல்லைக் கொடுத்தது. பக்கத்திலேயே இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ஆலோசகர்களை ஒரு பருவம் முழுக்க, விதைப்பிலிருந்து அறுப்பு வரை, அங்கே அனுப்பிப் பழக்க முடியாதா?

5. பயிற்சிக்கு அழைப்பது பட்டா வைத்திருக்கும் ஆண்களை. விதை ஊறவைப்பதும் களை எடுப்பதும் பெண்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

6. இந்த ஊர்களில் பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் கூரையில் விழுந்த மழையை முற்றத்தில் இறக்கி, மிச்சத்தை ஊருணிக்குத் திருப்பி வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து அதைப் படம் எடுத்துப் போகிறார்கள். அதே ஊரில் வயலில் விழும் மழையைப் பிடிக்கப் பண்ணைக்குட்டை எந்த மூலையில் வெட்டுவது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்றால் மன்னிக்கவும். மூன்று மனு கொடுத்தவன் நான்காவதை எப்படி எழுதுவான் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே அய்யா அவர்கள் தயவுகூர்ந்து, வரும் ஆடி 18-க்குள் எங்கள் ஊரில் ஒரு வயலில், காலை வேளையில், பெண்களையும் சேர்த்துப் பயிற்சி நடத்த உத்தரவிட வேண்டும். மண்டபம் வேண்டாம். வடை வேண்டாம். வயலும் நாங்களே தருகிறோம், என் மூன்று ஏக்கரையே எடுத்துக்கொள்ளலாம். விதையை எங்கள் கண்முன்னே ஊறவைத்துக் காட்டட்டும், விதைக்கும் கருவியை எந்த ஆழத்துக்கு இறக்குவது என்று காட்டட்டும். அதே ஆள் மழைக்குப் பிறகு மறுபடி ஒரு தடவை வந்து பார்க்கட்டும். அந்த இரண்டாவது தடவைதான் எங்களுக்கு முக்கியம்.

ஆடி பிறக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இந்த முறையாவது விதைப்புக்கு முன்னால் அனுப்புங்கள் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மானாவாரி விவசாயிகள் 43 பேர் (கையொப்பமும் கைரேகையும் தனித்தாளில்)

இணைப்பு:
முந்தைய மனுக்களின் ரசீது நகல் 3.
சென்ற ஆவணியில் எடுத்த மண் பொருக்கு, முளையோடு, ஒரு பொட்டலம். கவனமாகப் பிரிக்கவும், நொறுங்கிவிடும்.